முகத்துவாரம் எப்படி இருக்கு?

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், சென்னையில் இன்னும் இடிபடாமல் தப்பித்திருக்கிற ஒரு பழைய வீட்டைச் செப்பனிடுகிறார்கள். சிமென்ட் கூடாது, சுண்ணாம்புப் பூச்சுதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். அன்றைக்குத் தொட்டியில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். தொட்டி உறுமியது. வெள்ளை ஆவி எழுந்தது. கொஞ்சம் பொறுத்து அந்த வாசனை மாடிக்கு ஏறி வந்தது. வெந்த சிப்பியும் சூடான மண்ணும் கலந்த, மூக்கின் உள்ளே லேசாகச் சுடுகிற வாசனை.

நோன்பு வரப்போகிறது, கொல்லைச் சுவர் இன்னும் பாக்கி என்று மனசு பதறியது. எங்கள் வீட்டில் யாரும் ரமலான் நோன்பு பிடித்ததில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை எனக்கு வருஷம் திரும்புவது பொங்கலில் இல்லை, ரமலானுக்கு முந்தைய சுண்ணாம்படிப்பில்தான். பரங்கிப்பேட்டையில் மரைக்காயர் தெரு ஒன்றில், ஒரு நீண்ட வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

அந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு இடம் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் பி.முட்லூரில் கிழக்கே திரும்ப வேண்டும். ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் ஊர். கிழக்கே வங்கக்கடல், தெற்கே வெள்ளாறு. சேலம் பக்கத்து மலைகளிலிருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் ஒன்றாகி, வெள்ளாறு என்று பேர் வாங்கி, கடைசியில் எங்கள் ஊர் ஓரமாகக் கடலில் விழுகிறது. ஆற்றுக்கு அக்கரை கிள்ளை. அதற்கும் தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, அப்புறம் கொள்ளிடத்தின் வாய். வெள்ளாற்றில் ஒரு தோணியை இறக்கினால் கடலைத் தொடாமலே உள்வாய்க்கால்களில் புகுந்து புகுந்து கொள்ளிடம்வரை போய்விடலாம். 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். படகில் போனது அந்தக் காட்டுக்குள்தான். அதைப் பெருமையாகச் சொல்லாத ஆள் அங்கே கிடையாது.

வீட்டுக்கார அம்மாளை அவர் பேத்திகள் 'நன்னி' என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த வீடு அவருக்குக் கல்யாணத்தின்போது அவர் வாப்பா கொடுத்தது. பத்திரம் அவர் பேரில். வாசல் திண்ணை, நடை, முற்றம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தூண்களெல்லாம் பர்மா தேக்கு. பெண்கள் தெருவழியே போகமாட்டார்கள். கொல்லைக் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு என்று ஊரில் பாதியைச் சுற்றி வந்துவிடுவார்கள். ஊர் வரைபடம் எதிலும் இல்லாத அந்தப் பாதை எனக்கு அத்துப்படி. ஒரு கிண்ணம் வட்டிலப்பம் எங்கள் கையில் கிளம்பி நான்கு கொல்லை தாண்டிப் போகும். திரும்பும்போது கிண்ணத்தில் ஏதாவது இருக்கும். வெறுங்கிண்ணமாகத் திருப்பியனுப்புவது அந்தத் தெருவில் பெரிய அவமரியாதை.

சுண்ணாம்பு ஆற்றிலிருந்துதான் வந்தது. வற்றம் வாங்கும்போது பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலும் காலாலும் துழாவி மட்டி எடுப்பார்கள். சதை குழம்புக்கு, ஓடு காளவாய்க்கு. சுட்ட ஓட்டை மூட்டையாகக் கட்டி மாட்டு வண்டியில் கொண்டுவந்து கொல்லையில் இறக்குவார்கள். நீற்றுகிற அன்று குழந்தைகளுக்குக் கொல்லையில் இடமில்லை.

"கிட்ட போவாதே. ஒரு சொட்டுத் தெறிச்சா கண்ணு போயிடும்" என்று நன்னி நடுக்கதவைச் சாத்திக் குறுக்கே உட்கார்ந்துகொள்வார். நாங்கள் சந்து வழியாகப் பார்ப்போம். மறுநாள் கஞ்சித்தண்ணியும் துளி நீலமும் கலந்து மட்டையால் அடிப்பார்கள். ஈரத்தில் சுவர் சாம்பலாக இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். மாலைக்குள் முற்றத்தில் நிற்க முடியாத அளவுக்குக் கண் கூசும். பிறை தெரிந்துவிட்டதென்று பள்ளிவாசலில் முழங்கும்போது வீடு தயாராக இருக்கும்.

அந்த வீட்டில் ஆண்கள் கிடையாது. இருக்கிறார்கள், ஆனால் இல்லை. நன்னியின் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். மருமகன்களில் ஒருவர் கோலாலம்பூர், இன்னொருவர் அப்போதுதான் சவூதி போயிருந்தார். தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான். கப்பலேறிப் போனவரைச் 'சபராளி' என்பார்கள். சபராளி இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நான்கைந்து மாதம் இருப்பார், திரும்பப் போவார். இடைப்பட்ட காலத்தில் வாடகை வாங்குவது, வயலைக் குத்தகைக்கு விடுவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, கொத்தனாரிடம் சண்டை போடுவது எல்லாம் பெண்கள்தான். திரைக்குப் பின்னால் நின்றபடியே நன்னி ஒரு மர வியாபாரியை அரை மணி நேரத்தில் பாதி விலைக்கு இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கெழுதப் படித்தவர்களுக்கும் அந்த வித்தை வராது.

இந்தப் போக்குவரத்து நேற்று இன்று தொடங்கியதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே பரங்கிப்பேட்டை மரக்கலங்கள் துணி ஏற்றிக்கொண்டு அச்சே, மலாக்கா, கெடா என்று போய்வந்திருக்கின்றன. போர்ச்சுகீசியர் ஊருக்குப் 'போர்ட்டோ நோவோ' என்று பேர் வைத்தார்கள். முஸ்லிம் ஆட்சியில் 'மஹ்மூத் பந்தர்'. டச்சுக்காரர்களும் டேனிஷ்காரர்களும் ஆங்கிலேயரும் பண்டகசாலை போட்டார்கள். பரங்கிப்பேட்டை வராகன் என்று ஒரு தங்கக்காசே புழங்கியது. அப்படிக் கடல் கடந்த மரைக்காயர்களையும் அவர்களைப்போன்ற கடலோரத் தமிழ் முஸ்லிம்களையும் மலாய் நாட்டில் 'சூலியா' என்றார்கள். பினாங்கில் இன்றைக்கும் சூலியா தெரு இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது நன்னி வாயில் அடிக்கடி வந்த பேர் 'ரஜூலா'. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போகிற கப்பல். அது நின்ற பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1980-களில் நடுக்கடலில் அது தீப்பிடித்த செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. அத்தோடு கப்பல் பயணமும் முடிந்தது. அப்புறம் எல்லாம் விமானம்.

நன்னிக்குத் தமிழ் எழுத்து வராது. ஆனால் கடிதம் எழுதுவார், பக்கம் பக்கமாக. அரபு எழுத்தில் தமிழ். வலமிருந்து இடமாக, புள்ளிகளும் கொம்புகளும் போட்டு, குறிப்பேட்டை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு எழுதுவதை வாய் பிளந்து பார்ப்பேன். எங்கள் தெருவின் பழைய தலைமுறைப் பெண்களுக்கெல்லாம் அந்த அரபுத்தமிழ்தான் கைவந்த எழுத்து. மார்க்க நூலிலிருந்து மருந்துக் குறிப்புவரை அதில் உண்டு. உறையின்மேல் விலாசம் மட்டும் இங்கிலீஷில் இருக்க வேண்டும். அது என் அப்பா வேலை. ஒட்டிய உறையை நான் வாங்கிக்கொண்டு போவேன், அப்பா பெரிய எழுத்தில் விலாசம் எழுதுவார், நான் தபாலில் போடுவேன். மூன்று பேர் கைபட்ட கடிதம். உள்ளே இருப்பது ஒருவருக்குத்தான் தெரியும். அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத்தான் அரிப்பு.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அப்படி என்ன நன்னி எழுதுறீங்க?"

நன்னி சிரித்துவிட்டு ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார். சலாம் சொல்லி, எல்லோர் சுகமும் கேட்டு முடித்த உடனே வந்த சேதி, முகத்துவாரம் போன மாதத்தைவிட இப்போது குறுகிவிட்டது, வடக்கே மணல் வளர்ந்திருக்கிறது, அன்னங்கோயில் மீனவர்கள் ஏற்றத்துக்குக் காத்திருந்துதான் படகை உள்ளே எடுக்கிறார்கள் என்பது. பேத்தியின் கல்யாணப் பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது.

எனக்கு ஏமாற்றம். பினாங்கில் கடையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வெள்ளாறு குறுகினால் என்ன, அகன்றால் என்ன?

"அவங்க கேப்பாங்க. எழுதலன்னா அடுத்த கடுதாசில அதான் முதக் கேள்வி."

உண்மைதான். அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்டால் மழை பெய்ததா, வீட்டில் சுகமா என்பதோடு சேர்ந்து வரும் கேள்வி, 'முகத்துவாரம் எப்படி இருக்கு?'

எப்படி இருக்கும் என்பது காற்றையும் மழையையும் பொறுத்தது. ஐப்பசி கார்த்திகையில் வாடை அடித்து, மேற்கே பெய்த மழையெல்லாம் வெள்ளாற்றில் இறங்கி வரும்போது ஆறு தன் வாயைத் தானே அகலப்படுத்திக்கொள்ளும். வெள்ளம் வடிந்து தை மாசி கடந்தால் ஆற்றுக்குப் பலம் போய்விடும். அப்போது கடலின் முறை. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சோழகக் காற்று தொடங்கியதும் அலை அந்த மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கும். முற்றாக அடைத்துவிடாது. ஆனால் ஆழம் போய்விடும். ஒதுக்குப்புறமாக ஒரு கால் மட்டும் ஓடும். அது எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் வருகிற படகு மணலில் தட்டும், பின்னால் வரும் அலை புரட்டிவிடும்.

படகுக்காரனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மேற்கே வயல் வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு. வாய் மேடிட்டிருக்கிற நேரத்தில் திடீர் மழை பெய்தால் வெள்ளம் வடிய வழியில்லாமல் நடவு மூழ்கும். கோடையில் கடல்நீர் ஆற்றில் ஏறி வந்தால் கிணறு கரிக்கும். கிள்ளைப் பக்கத்து இருளர்களுக்கு இன்னொரு கணக்கு. அவர்கள் வலையில்லாமல் கையாலேயே தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையும் சேற்றில் ஓடும். பிடித்தது நேரே பறிக்குள் விழும். தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதில்தான் அவர்கள் அன்றைய சோறு.

என் அப்பாவுக்கு அதுவே சம்பளம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் ஆற்றங்கரையில் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா வளர்த்தெடுத்த இடம். 1960-களிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. ஊரில் அந்தப் பேரெல்லாம் கிடையாது, 'பயாலஜி' என்றால் போதும். "எங்கே வேலை?" "பயாலஜில." அப்பா அங்கே ஆய்வகப் பணியாளர். படகில் போய் ஏற்றத்திலும் வற்றத்திலும் தண்ணீர் மொண்டு புட்டியில் அடைப்பார், மெல்லிய பட்டு வலையை இழுத்து நுண்ணுயிர்களைச் சேர்ப்பார். உப்பு எத்தனை, சூடு எத்தனை, சேறு எத்தனை என்று அங்கே இருந்தவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இந்தியாவில் வெள்ளாற்றின் வாயைப்போல விடாமல் அளக்கப்பட்ட கழிமுகங்கள் குறைவு. வலையில் விசித்திரமாக ஏதாவது விழுந்தால் மீனவர்கள் அதை நேரே பயாலஜிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அப்பாவின் சட்டையில் எப்போதும் ஃபார்மலின் நெடி. அம்மா தனியாகத்தான் துவைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டு ஆற்றுத் தண்ணீர். அதற்குள் கண்ணாடியில் செய்த பெட்டிகள், சக்கரங்கள், காலை உதைத்துக்கொண்டு ஓடும் குட்டி இறால்கள். "இதைத்தான் மீன் தின்னுது. இது வர்றது போறதெல்லாம் அந்த வாய் வழியாத்தான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் நன்னியிடம் அளந்தேன். அவர் நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா வேலை முடிந்து வரும்போது நடையில் நிறுத்தி விசாரிப்பார். "இன்னிக்கி உப்பு எவ்வளவு தம்பி?" அப்பா எண்ணைச் சொல்வார். நன்னி தலையாட்டுவார். கடிதத்தில் அதுவும் போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

ஊருக்கு வரலாறு இருக்கிறது என்பதே எனக்குச் சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஆசிரியர் இரண்டாம் மைசூர்ப் போர் நடத்திக்கொண்டிருந்தவர், 1781 ஜூலை 1, பரங்கிப்பேட்டைப் போர் என்று சொன்னார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஏதோ அங்கே சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரி. அன்று மாலையே நன்னியிடம் ஓடினேன். "நம்ம ஊர்ல ஹைதர் அலி சண்டை போட்டிருக்காரு, தெரியுமா?"

"எந்தத் தெரு?" என்று கேட்டார் நன்னி.

பிற்பாடு நானே தேடிப் படித்தேன். ஆங்கிலத் தளபதி அயர் கூட் முதலில் சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். கோயிலுக்குள் ஹைதரின் படை இருந்தது. அடி வாங்கித் திரும்பிய கூட் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் வந்து தங்கினார். காரணம் சோறு. பெரும்படை வைத்திருந்த ஹைதர் தரைவழியை அடைத்துவிட்டதால் அரிசி கப்பலில்தான் வந்தாக வேண்டும். கடலூர்ப் பாதையை மறித்து நின்ற ஹைதரை, கரையோர மணல்மேடுகளின் மறைவில் சுற்றிவந்து கூட் தோற்கடித்தார். கப்பலிலிருந்தும் சுட்டார்கள். மைசூர்ப் படை அன்றைக்கு ஜெயித்திருந்தால் தென்னிந்தியாவின் கதையே வேறு என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்குப் பட்டது, அந்தச் சண்டையும் துறைக்கு வரும் அரிசி மூட்டைக்காக நடந்த சண்டை என்பதுதான்.

இன்னொரு கதை இதைவிடச் சுவாரசியம். ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு ஆங்கிலேயர். கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். சேலத்து இரும்புத் தாதைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உருக்காலை போட்டார். ஐரோப்பிய முறையில் இந்தியாவில் பெரிய அளவில் இரும்பு உருக்கிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. தாது சேலத்தில், ஆலை கடலோரத்தில். கப்பலேற்ற வசதியாக இருக்கும் என்ற கணக்கு. இரும்பு நன்றாகத்தான் வந்தது, இங்கிலாந்தில் ஷெஃபீல்டுவரை போனது. ஆனால் உலைக்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். எவ்வளவு காட்டை வெட்டினாலும் உலையின் பசி அடங்கவில்லை. கரி வரவேண்டிய தூரம் ஆண்டுக்காண்டு கூடியது. ஹீத் கடனில் மூழ்கினார். இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதைச் சற்றே மாற்றிப் பயன்படுத்திக் கொழுத்தார்கள், அவருக்குக் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டார். தீர்ப்பு முடிவதற்குள் 1851-ல் செத்தும்போனார். பரங்கிப்பேட்டை உலையும் அணைந்தது.

என் பள்ளிக்காலம் முழுக்க அந்த ஊரில் இருந்தும் ஹீத் என்ற பேரை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. ஹைதரையும் கேட்டதில்லை. ஊருக்கு வரலாற்று உணர்வில்லை என்று அந்த வயதில் கோபம் வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கூட் வந்ததும் ஹீத் வந்ததும் இங்கே கப்பல் நிற்கும் என்பதால். இந்தத் துறை தேய்ந்ததும் பெரிய கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட வேண்டியிருந்ததால். ஆற்றுவாய்க்குள் சிறு தோணிகள்தான் நுழையும். 1870-களில் ரயில் வந்தது, சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது, துறையில் பாய் விரிப்பது நின்றது. போனவர்களைப் பற்றிப் பேசாமல், எதனால் வந்தார்கள் எதனால் போனார்கள் என்பதை மட்டும் அந்த ஊர் நினைவில் வைத்திருந்தது. கடிதத்தில் சலாமுக்கு அடுத்த வரியில் அதற்கு இடம் கொடுத்திருந்தது.

நன்னியின் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வண்டி நிறையப் பெட்டி. பிஸ்கட் டின், மைலோ டின், கோடாலித் தைலம், பத்தேக் கைலி. கோடாலித் தைலம் தெருவில் வீட்டுக்கொன்று போனது. எங்களுக்கு இரண்டு, விலாசம் எழுதிய கூலி என்று சிரித்தார். நன்னி அன்று முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் வீட்டுக்காரர் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, அஸர் தொழுதுவிட்டு, என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குக் கிளம்பினார். இருட்டிய பிறகுதான் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "ஒண்ணும் பேசல. நன்னி எழுதினது சரியான்னு பாத்துட்டு வந்தாரு" என்றார் அப்பா.

அதற்குப் பின் எல்லாம் வேகமாக மாறியது. அடுத்த தலைமுறை மலாயாவை விட்டு வளைகுடாவுக்குப் போனது. கடிதத்துக்குப் பதில் கேசட் வந்தது. நன்னியின் மகள் சமையலறை அலமாரியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, ஜித்தாவிலிருந்து கணவர் பேசிய அறுபது நிமிஷத்தை வெங்காயம் உரித்தபடி கேட்பார். பதில் பேச வேண்டிய பகல்களில் எங்களையெல்லாம் வெளியே துரத்திவிடுவார். அரபுத்தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நன்னி போன பிறகு அவர் அலமாரியில் கட்டுக்கட்டாகக் காகிதம் கிடைத்ததாம். பேத்திகளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், ஆகவே எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிகிறது. ஆனால் வேகமான கையெழுத்து பிடிபடவில்லை. சுவருக்கும் இப்போது சுண்ணாம்பில்லை, வண்ணப்பூச்சு. வருஷா வருஷம் அடிக்க வேண்டியதில்லை. வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. நான் அப்போது சென்னைக்கு வந்து வெகுநாளாகிவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் போக முடிந்தது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே எம்.ஜி.ஆர். திட்டு என்றொரு குப்பம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிழைத்தவர்கள் இக்கரைக்கு வந்துவிட்டார்கள், மறுபடி அங்கே குடியேறவில்லை. அன்று ஊரில் நடக்கவிருந்த கல்யாணச் சாப்பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கரையிலிருந்து ஓடிவந்தவர்களுக்குப் போட்டார்கள் என்று சொன்னார்கள். ஜமாஅத்தார் மண்டபங்களைத் திறந்துவிட்டு நாள்கணக்கில் சமைத்தார்கள். நன்னியின் மகள் வீட்டுக் கொல்லைக் கதவு இரவும் பகலும் திறந்தே கிடந்தது.

சுரபுன்னைக்காடு மறைத்த இடங்களில் சேதம் குறைவு என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். பயாலஜியின் பேராசிரியர் கதிரேசன், ராஜேந்திரன் என்பவருடன் சேர்ந்து, இந்தக் கரையின் 18 கிராமங்களை ஆராய்ந்து அடுத்த ஆண்டே அதை எழுதினார். மரத்தைவிட, கிராமம் இருந்த மேடும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் காரணம் என்று வேறு சிலர் மறுத்து எழுதினார்கள். இரண்டையும் படித்தேன். தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் வெள்ளாற்றங்கரையில் அந்தப் பேராசிரியர் 1990-களில் நட ஆரம்பித்த கன்றுகள் இன்றைக்கு ஆளுயரம் தாண்டி நிற்கின்றன. அப்பா அங்கே தண்ணீர் மொண்ட நாளில் அது வெறும் சேற்றுக்கரை.

போன மாசி மகத்துக்கு நன்னியின் பேத்தி கூப்பிட்டாள். என் வயதுக்காரி. கிள்ளைக்குப் போகலாம் வா என்றாள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கடலாட அங்கேதான் வருகிறார். வழிநெடுக மண்டகப்படி, ஊர் ஊராகத் தங்கல். கிள்ளை தைக்காலுக்கு வந்ததும் தர்கா தரப்பார் பட்டும் மாலையும் பழமுமாக எதிர்கொண்டு வரவேற்பார்கள். பெருமாளின் மாலை தர்காவுக்குப் போகும். அங்கே பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுப்பார்கள். அப்புறம் பெருமாள் முழுக்குத்துறைக்குப் போய்த் தீர்த்தவாரி. சின்ன வயதில் படகில் ஆறு கடந்து போவோம். நன்னி வரமாட்டார். ஆனால் எங்கள் கையில் காசு கொடுத்தனுப்பி, திரும்பி வந்ததும் சர்க்கரை எங்கே என்று கை நீட்டுவார்.

இந்தத் தடவை பாலத்தில் போனோம். ஆட்டோவில் பத்து நிமிஷம். தைக்காலில் நாதஸ்வரம், தவில், ஒலிபெருக்கி, பஞ்சுமிட்டாய், நசுங்கல். தொப்பி போட்ட பையன்கள் கூட்டத்தை ஒதுக்கிப் பல்லக்குக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பேத்தி கைப்பேசியை உயர்த்தி மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் தம்பிக்கு நேரலையில் காட்டினாள். அவன் ஏதோ கத்தினான், தவில் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. சர்க்கரைப் பொட்டலம் வாங்க அவள்தான் முண்டியடித்துப் போனாள். எனக்கு அந்தத் தெம்பு போய்விட்டது.

திரும்பும்போது முடசல் ஓடைப் படகுத்துறையில் இறங்கி நண்டு பார்த்தோம். கூடையில் பச்சை நண்டு, கால் கட்டிப்போட்டது, நல்ல கனம். விற்கிற அம்மாள் சொன்ன விலையைக் கேட்டு நான் பின்வாங்கினேன்.

"நான் என்னக்கா பண்றது? முகத்துவாரம் மேடிட்டுக் கிடக்கு. படகு வெளிய போறதே பாடா இருக்கு. தூர் வாரணும்னு எத்தினியோ தடவ மனு குடுத்தாச்சு. வரத்து இல்லியே."

"நண்டு முகத்துவாரம் தாண்டியா புடிக்கிறீங்க? உள்ள காட்டு ஓடையிலதானே புடிக்கிறீங்க?" என்றாள் பேத்தி. "எங்க நன்னி காலத்துலேர்ந்து இதையே சொல்லித்தான் வெல ஏத்துறீங்க."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தாள். பேத்தி இன்னும் ஐம்பது கேட்டு நின்றாள்.